நூறாவது குருவி

போன மாதம் கேப்பர் மலைக்குக் குருவி பார்க்கப் போயிருந்தேன். சிரிக்காதீர்கள். இரண்டு முட்டிக்கும் உறை மாட்டிக்கொண்டு, பேத்தியின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் போனேன். காலையில் நடக்கிற எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. பங்குனியில் பறவைகள் திரும்பிப் போகிற நேரம், ஞாயிறு காலை ஐந்தரைக்கு மலையடியில் கூடுகிறோம், எல்லாரும் வரலாம் என்று. எல்லாரும் என்றால் பென்ஷன்காரர்களும் சேர்த்தித்தானே.

இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மொபைல், பாதிப் பேரிடம் முழ நீள லென்ஸ் வைத்த கேமரா. பார்த்த குருவியை அவரவர் மொபைலில் தட்டிக்கொண்டார்கள். நீ பார்த்தாயா என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு, அதோ மாம்பழச்சிட்டு, இதோ வால்காக்கை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்திக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஆன்ட்டி, உங்களுக்கு சின்ன வயசுலேர்ந்தே பேர்ட்ஸ்னா இன்ட்ரஸ்டா?"

"ஆமாம்மா" என்றேன்.

ஐம்பது வருஷமாக இதே பதில்தான். டெலிபோன் ஆபீசில் எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தியபோது பச்சைக்கிளிப் படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். என் மருமகன் பிறந்தநாளைக்குப் பறவைப் புத்தகம் வாங்கி வருகிறார். உண்மையைச் சொன்னால் எனக்குக் குருவிகள் மேல் ஒரு காலத்திலும் ஆசை இருந்ததில்லை. அதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் புரியும். நம்மில் பாதிப் பேரையாவது சின்ன வயதில் ஏதோ ஒரு காரணத்துக்காக எங்கேயாவது ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். காரணத்தை மட்டும் நம்மிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீடு சிதம்பரத்தில், தெற்கு சன்னதிக்குப் பக்கத்துச் சந்தில். அப்பா மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அந்தத் தை மாதம் தம்பிப் பாப்பாவைக் கொண்டுவர அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒன்பதாம் நாள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். தலை வாரவில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய்ப் படுத்தால் என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கடியில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கூடிக்கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"இந்தப் புள்ள கண்ணு முன்னால இருந்தா அவளுக்கு அந்தப் புள்ள நெனப்பு வந்துகினேதான் இருக்கும். கொஞ்ச நாளு தனியா உடுங்க. தானா சரியாயிடும்."

அம்மாவின் தங்கை, என் சித்தி, கடலூரிலிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ரெண்டு வாரம்தான் என்றாள். அப்பா ஒரு பச்சை ரெக்ஸின் பை வாங்கிக் கொடுத்தார். புறப்படும்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றார்கள்.

சித்தி வீடு புதுப்பாளையத்தில். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் குழந்தை கிடையாது. வீடு அப்பழுக்கில்லாமல் இருக்கும். தண்ணீர் குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைக்காவிட்டால் சித்திக்குப் பொறுக்காது. கொடுமைக்காரி இல்லை. வாராவாரம் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினாள், பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கினாள், எனக்குப் பிடிக்கும் என்று வாழைக்காய் வறுத்தாள். ஆனால் அந்த வீட்டில் ராத்திரி எனக்கென்று தனிப் பாய், தனித் தலையணை. அதுவரை நான் தனிப் பாயில் படுத்ததே இல்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. நான் தனியாக இருந்தேன். அதை எப்படிச் சொல்லி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் நான்கு வாரமாயிற்று. நான் எப்போது ஊருக்குப் போவது என்று தினமும் கேட்டேன். சித்தி, "அம்மாவுக்கு ஒடம்பு தேறட்டும்" என்பாள். உடம்புக்கு என்ன என்று கேட்டால், "சின்னப் புள்ளைங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்பாள்.

சித்தப்பா அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. நல்ல மனிதர். பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்று தெரியாத நல்ல மனிதர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன, சாப்ட்டியா?" என்று கேட்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் அதையே கேட்பார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஞாயிற்றுக்கிழமை கேப்பர் மலைக்குப் போய்க் குருவி பார்ப்பது.

ஒரு ஞாயிறு விடியலில் சித்தி போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்: "வாரத்துல ஒரு நாளாவது நான் ஏழு மணி வரைக்கும் தூங்கணும். இதையும் கூட்டிக்கினு போங்க."

அப்படித்தான் நான் பறவை ஆராய்ச்சியாளர் ஆனேன்.

மலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சேலத்துக்காரர்கள் பார்த்தால் இதற்கா மலை என்று பெயர் வைத்தீர்கள் என்று கேட்பார்கள். செம்மண் மேடு. மழைத்தண்ணீர் அரித்து அரித்து ஆள் உயரத்துக்குப் பள்ளங்கள், அவற்றின் ஓரமெல்லாம் முந்திரி. ஒரு பக்கம் ஜெயிலின் மதில் தெரியும், மறுபக்கம் கீழே தூரத்தில் கெடிலம் ஆறும் தென்னந்தோப்பும். சித்தப்பா என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதிப்பார். ஏற்றம் வந்ததும் இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம்.

அந்தக் கோஷ்டியில் சித்தப்பாவைச் சேர்த்து நான்கே பேர். காலேஜ் சார்தான் தலைவர். ஒல்லியாக, எப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டு இருப்பார். இரண்டாவது பேங்க் மாமா. பெரிய தொந்தி, பெரிய சிரிப்பு. மலையில் சிரிக்கக்கூடாது என்பதால் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்குவார். மூன்றாவது நர்ஸ் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆராதனைக்குப் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காலையில் மலைக்கு வந்துவிடுவாள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர், சாருடையது. தோல் வார் பிய்ந்து கயிறு கட்டியிருக்கும். வேண்டுமென்றால் முன்னால் நிற்பவரின் தோளை ஒரு விரலால் தட்ட வேண்டும், பேசக்கூடாது.

சட்டதிட்டங்கள் ஏராளம். பளிச்சென்ற துணி கூடாது. தலையில் பூ கூடாது. என் கொலுசைப் பார்த்ததும் சார் நெற்றியைச் சுருக்கினார். அன்றிலிருந்து மலையடியில் சித்தப்பா குனிந்து என் கொலுசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், இறங்கியதும் மாட்டிவிடுவார். கொலுசில்லாமல் நடக்கும்போது நான் அங்கே இல்லாததுபோல் எனக்கே இருக்கும். அந்தக் கொலுசு ஒரு நாள் ஒற்றையாகி, பிறகு அதுவும் எங்கோ போய்விட்டது.

எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. சார் ஒரு நீள நோட்டில் அந்த மலையில் பார்த்த குருவிகளை வரிசையாக எண் போட்டு எழுதிவைத்திருந்தார். ஒரு குருவி புதிதாக அதில் ஏற வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் கிடையாது. சார் ஒருமுறை தனியாக ஒரு வல்லூறைப் பார்த்துவிட்டு, அதை எழுதிக்கொள்ளாமல் ஒரு வருஷம் காத்திருந்தாராம்.

"ஒரு ஆளு கண்ணு, ஆசைப்பட்டதையெல்லாம் பாக்கும்" என்பார் சார். "ரெண்டு ஆளு கண்ணுதான் சாட்சி."

எனக்குக் குருவிகளைப் பற்றி அக்கறையில்லை. முந்திரிப்பழம் பொறுக்கலாம், ஜெயில் மதிலைப் பார்க்கலாம் என்றுதான் நடந்தேன். இரண்டாவது ஞாயிறு இறங்கி வரும்போது வழக்கம்போல் கேட்டேன்.

"சித்தப்பா, நான் எப்ப ஊருக்குப் போறது?"

சித்தப்பாவின் கவனமெல்லாம் முன்னால் போன சாரின் நோட்டில் இருந்தது. அன்றைக்குத்தான் தொண்ணூறு ஏறியிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"போலாம், போலாம். நம்ம லிஸ்ட்டு நூறு ஆவட்டும். கூட்டிக்கினு போறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பெரியவர்கள் நூறு என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். பேச்சை முடிப்பதற்கு அது ஒரு வசதியான எண். பத்து வயதில் எனக்கு அது கணக்கு. நூறில் தொண்ணூறு போனால் பத்து. பத்துக் குருவி பார்த்துவிட்டால் அம்மா.

அந்த வாரமே சித்தப்பாவின் பறவைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். படத்தை மூடிக்கொண்டு பெயர் சொல்லுவேன், பெயரை மூடிக்கொண்டு படத்தை நினைத்துப் பார்ப்பேன். எது வந்தாயிற்று, எது வரவில்லை என்று மனப்பாடம். மலையில் முதல் ஆளாக நடந்தேன். பெரியவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். நான் குள்ளம், தரையையும் புதரையும் பார்த்தேன். சருகோடு சருகாகக் கண்ணை மூடிப் படுத்திருந்த பக்கியை நான்தான் கண்டுபிடித்தேன். பகலெல்லாம் அசையாமல் தரையில் கிடக்கும் குருவி அது. பேங்க் மாமா ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் மிதித்திருப்பார்.

"கண்ணா இது! சாரோட பைனாகுலரத் தூக்கிக் கெடாசிட்டு இத்தக் கழுத்துல மாட்டிக்கலாம்" என்று துண்டைப் பொத்திக்கொண்டு குலுங்கினார் மாமா.

அது தொண்ணூற்று மூன்று. மலையாத்தி மரத்தில் வெள்ளை ரிப்பன் கட்டினதுபோல நீள வாலோடு வந்த ஈப்பிடிப்பான் தொண்ணூற்று நான்கு. சார் பைனாகுலரை முதலில் என்னிடம் கொடுக்க ஆரம்பித்தார். நர்ஸ் அக்கா என் பாவாடையில் விழுந்த முந்திரிப்பழக் கறையை எலுமிச்சம்பழம் தேய்த்து எடுக்கப் பார்த்தாள், போகவில்லை. சித்தப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆபீசில் இருந்து யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்.

"பறவைன்னா இதுக்கு உசுரு. சோறு தண்ணி வேணாம். வீட்டு நெனப்பே கெடையாது, பாத்துக்க!"

நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு ஆனதும் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு இன்லேண்டு லெட்டர் எழுதுவார். கடைசி மடிப்பை எனக்கு விடுவார். 'நான் நலம், நீங்கள் நலமா' என்று சித்தி சொல்லச் சொல்ல எழுதுவேன். அதற்குக் கீழே நானாக ஒரு வரி சேர்ப்பேன். 'அம்மா, இன்றோடு தொண்ணூற்று நான்கு.' அடுத்த வாரம், 'அம்மா, தொண்ணூற்று ஆறு ஆகிவிட்டது. இன்னும் நாலுதான்.' ஓரத்தில் எச்சில் தொட்டு ஒட்டி, எட்டிக் குதித்துத் தபால்பெட்டியில் நானே போடுவேன். அம்மா அந்த எண்ணைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சித்தப்பா சத்தியம் செய்தது எனக்குத் தெரிந்தால் அம்மாவுக்கும் தெரியாமலா இருக்கும்? அந்த வயதில் நமக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றுவிட்டது.

ஒரு ஞாயிறு ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பங்குனி வெயில் ஏழு மணிக்கே கழுத்தில் ஏறியது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சார் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"வடக்கேர்ந்து வந்ததெல்லாம் கெளம்பிடுச்சு. வெயிலும் ஜாஸ்தி. அடுத்த வாரத்தோட நிறுத்திக்கலாம். இனிமே ஐப்பசிலதான்."

"ஐப்பசியா?" என்றேன். 

"கொழந்த மூஞ்சியப் பாருங்க" என்றார் பேங்க் மாமா. "மலைக்கு வர முடியாதேன்னு எப்படி வாடிப்போச்சு!"

அந்த வாரம் முழுக்க ஐப்பசி வரைக்கும் விரல் விட்டு எண்ணினேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. ஒரு கை போதவில்லை.

கடைசி ஞாயிறு. நான் செய்ததைச் சொல்கிறேன்.

சாருக்கு ஒரு தீராத ஏக்கம் இருந்தது. ஆறுமணிக் குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவும் என்பார்கள். குளிர்காலத்துக்கு வந்து தங்கிவிட்டுச் சித்திரைக்குள் வடக்கே போய்விடும். இந்த மலையில் இருக்கிறது என்று பலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வருஷமாக அவர் கண்ணில் படவில்லை. அவருடைய பறவைப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்காக இருக்கும்.

அரிப்புப் பள்ளம் ஒன்று திரும்புகிற இடத்தில் நான் முன்னால் போனேன். கீழே முந்திரிச் சருகு. அதன்மேல் ஒன்றுமே இல்லை. ஒரு ஓணான்கூட இல்லை. நான் நின்று, எங்கள் வழக்கப்படி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். பின்னால் நான்கு பேரும் அப்படியே உறைந்து நின்றார்கள். மூன்று எண்ணுகிற நேரம் கழித்துக் கையை இறக்கினேன்.

"போயிடுச்சு சார்."

"எது?"

"ஆறுமணிக் குருவி."

சார் என் பக்கத்தில் வந்து மண்டி போட்டு உட்கார்ந்தார். எங்கே, எப்படி, எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதுகு பச்சை என்றேன். இறக்கையில் நீலம். நெஞ்சு சந்தனம். கண்ணில் மை தீட்டினாற்போலக் கறுப்புப் பட்டை. குட்டை வால், வாலுக்கடியில் குங்குமம். தத்தித் தத்திப் போய்ச் சருகைப் புரட்டியது என்றேன். அழுக்குப் பக்கத்தில் இருந்த அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

அரை மணி நேரம் மூச்சு விடாமல் காத்திருந்தோம். வராத குருவி எப்படி வரும்? கடைசியில் சார் எழுந்து முட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டினார்.

"நீ பாத்திருப்ப, எனக்குச் சந்தேகமில்ல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா. ரெண்டு பேரு பாக்கணும்."

நான் அழுதுவிட்டேன். தேம்பித் தேம்பி, இரண்டு கன்னத்தையும் துடைத்துக்கொண்டு. சித்தப்பா, "அட, ஒரு குருவிக்காவா?" என்று செய்வதறியாமல் நின்றார். நர்ஸ் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாரிடம் சொன்னாள்.

"நானும் பாத்தேன் சார். பாப்பாவுக்குப் பின்னாலதான நின்னேன். பச்சையா ஒண்ணு தத்திக்கினு போச்சு. என்னன்னு தெரியாம சும்மா இருந்துட்டேன்."

சார் அங்கேயே உட்கார்ந்து நோட்டைத் தொடைமேல் வைத்து நூறு என்று எழுதினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு வருஷம் காத்திருந்த மனிதர். பேங்க் மாமா பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் மலையில் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

இறங்கும்போது நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, நீ நெசமா பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சரி. நான் பாக்கல. உனக்காகத்தான் பொய் சொன்னேன். சாயங்காலம் கோயில்ல மன்னிப்புக் கேட்டுக்குறேன். நீ பாத்தது நெசம்னா அது பெரிய பாவமில்ல."

அவள் கை வியர்த்திருந்தது. நான் என் கையை உருவிக்கொண்டு முன்னால் ஓடினேன். அவளுக்கும் சாருக்கும் நான் செய்தது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

"நூறு ஆயிடுச்சே சித்தப்பா" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"ஆமா, ஆயிடுச்சு!" என்று என் தலையைத் தடவினார். "உங்கப்பாவுக்கு மொதல்ல எழுதணும்."

"ஊருக்கு?"

அவருக்குத் தன் சத்தியம் நினைவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சித்திதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "பரிட்ச முடிஞ்சதும் ஒரு நாளு கூட்டிக்கினு போயிக் காட்டிட்டு வாங்க, பாவம்." கூட்டிக்கொண்டு போய் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பரீட்சை முடிந்த மறுநாள் காலை என் சாமான் ஒன்றுவிடாமல் பச்சைப் பையில் திணித்தேன். பாவாடைகள், சிலேட்டு, சோப்பு டப்பா, கறைபட்ட அந்தப் பாவாடையும்கூட. ஜிப் மூடவில்லை. நாடாவால் கட்டினேன். சித்தப்பா கோவிலுக்குப் பழம் வாங்குகிற அவசரத்தில் பையைக் கவனிக்கவில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று பஸ் நின்று நின்று போனது. நான் பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

அம்மா அதே இடத்தில்தான் படுத்திருந்தாள். ஆனால் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். இளைத்து, கண்ணெல்லாம் உள்ளே போய், யாரோ மாதிரி இருந்தாள். ஓடிப்போய் மேலே விழ வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்திருந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அம்மா கையை நீட்டினாள்.

"வாடி. ஆறுமணிக் குருவியப் பாத்தியாமே? அது எப்டிடி இருக்கும்?"

மூன்று மாதத்தில் அம்மா வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. தலைமாட்டில் சித்தப்பா எழுதிய இன்லேண்டு லெட்டர்கள் அடுக்கியிருந்தன.

"தெனம் ராத்திரி அதத்தான் படிக்கச் சொல்லிக் கேக்குறா" என்றார் அப்பா. "வல்லூறுன்னா என்ன, பக்கின்னா என்னன்னு எங்கிட்ட கேட்டா எனக்கு இன்னா தெரியும்? அடியில நீ போடுற நம்பரத்தான் மொதல்ல பாப்பா. தொண்ணூத்தியொம்போதுல நின்னுட்டதுக்கு ரெண்டு நாளு கவல."

நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதுகு பச்சைம்மா. இறக்கையில் நீலம். கண்ணில் மை. அம்மா ஒரு கையை ஊன்றி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாசலில் நின்ற அப்பா, அம்மாவுக்குத் தெரியாமல், சொல்லு சொல்லு என்று எனக்குக் கையைக் காட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது. நான் சொன்னேன். அது எப்படித் தத்தியது என்று எழுந்து நின்று தத்திக் காட்டினேன். சருகைக் காலால் புரட்டிக் காட்டினேன். அம்மா சிரித்தாள். சத்தமில்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆனால் சிரித்தாள்.

பிறகு என் தலையைக் கோதிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "இன்னிக்கு இவளத் திருப்பி அனுப்ப வேணாம்னு சொல்லணும்னு இருந்தேன். காலையிலேர்ந்து அதான் நெனச்சிக்கினு கெடந்தேன். இவ்ளோ சந்தோஷமா இருக்குற புள்ளையப் புடிச்சி இந்த இருட்டு வீட்ல அடைக்கணுமா? அங்கியே ஆறாவது சேத்துடுங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

குருவியும் இல்லை, ஒன்றும் இல்லை, உன்னிடம் வரத்தான் அத்தனையும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சார் நோட்டில் நூறு இல்லை, நர்ஸ் அக்காவுக்கு மன்னிப்பு இல்லை. அதெல்லாம் போகட்டும். அம்மா அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாளோ என்று பயந்தேன்.

"சரிதானடி?" என்றாள்.

"சரிம்மா."

மூன்று மணி பஸ்ஸுக்குச் சித்தப்பா எழுந்தார். அவிழ்க்காத பச்சைப் பையை அவரே தூக்கினார். "என்னா இது, இந்தக் கனம் கனக்குது?" என்றார். படிக்கிற புத்தகம் என்றேன். அம்மா தை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வாசல் வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்தது என்னன்னு எனக்கு எழுதணும்" என்றாள். "வெறும் நம்பரப் போடாத. குருவி எப்டி இருந்துச்சின்னு எழுது."

மலைக்குப் போவது ஐப்பசி வரை நின்றுவிட்டது. அந்த ஞாயிறு மத்தியானம் சித்தப்பா எனக்கு விட்ட கடைசி மடிப்பில் நானாகவே எழுதினேன்: 'அன்புள்ள அம்மா, நூற்றியொன்றைப் பார்த்துவிட்டேன். உடம்பெல்லாம் மஞ்சள், தலை மட்டும் கறுப்பு. இரண்டு பேர் பார்த்தோம். எனக்கு இங்கே மிகவும் பிடித்திருக்கிறது.'